பெட்டியில் போட்டிருக்கிற தூரம்

பெரியாக்கள் அறுகரிசி போடுகிற நேரம்
யாரோ ஒரு மாமா பின்னுக்கு வந்தார்.
மில்றோயின் கையிலிருந்த தடி சரிந்தது.
மண்டபத்துத் தரையில் பிளாஷ் விழுந்த சத்தம்
மேளத்துக்குள் ஒருவருக்கும் கேட்கவில்லை.
எனக்குக் கேட்டது.

மிச்சக் கலியாணத்தை ரியூப்லைற்றில் எடுத்தேன்.
எல்லாரும் பாசி பிடித்தவர்கள் மாதிரி வந்தார்கள்.

அதுதான் அவன் கடைசிக் கலியாணம்.
திங்கள் இரவு கொழும்பு பஸ், புதன் ருமேனியா.
ஏதோ பாண் போடுகிற இடமாம்.
சம்பளத்தில் பிளாஷ் காசைக் கழிப்பதோ என்று
இரண்டு தரம் எண்ணினேன்,
கவரை ஒட்டின பிறகும் ஒருக்கா.
கழிக்கவில்லை.
கழிக்காததைச் சொல்லவும் இல்லை.

கஸ்தூரியார் வீதியில் கிருபானந்தத்தின் கடை.
"உந்த மொடல் இனி வராது."
சீனத்துச் சாமான் ஒன்றை எடுத்து
என் முகத்துக்கு நேரே அடித்துக் காட்டினான்.
கொஞ்ச நேரம் அவன் நின்ற இடத்தில்
ஒரு ஊதா வட்டம்தான் விலை சொன்னது.

"ஆளில்லையெண்டா றிமோட் ஒண்டும் எடு."
மூன்றை மேசையில் பரப்பினான்.
ஒன்று வயர். மலிவு, பற்றரி வேண்டாம்,
ஆனால் கமராவுக்குப் பக்கத்திலேயே நிற்கவேணும்
கட்டின மாடு மாதிரி.
மற்றது முகம் பார்த்து வேலை செய்வது.
குறுக்கே ஆள் போனால் கேளாது.
கலியாணவீட்டில் குறுக்கே போகாத ஆள் ஆர்?
கடைசி, ரேடியோ.
சுவருக்கு அங்காலை நின்று அமத்தினாலும் அடிக்கும்.
நூறு மீற்றர். பெட்டியிலேயே போட்டிருக்கு.

"முந்தியெண்டா இப்பிடி ஒரு சாமானைப்
பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு..."
மிச்சத்தை அவன் சொல்லவில்லை.
பில்லைக் கிழித்தான்.
உத்தரவாதம் ஆறு மாதம், பற்றரிக்கு இல்லை.

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கை நேரானது.
முற்றத்தில் ஸ்ராண்டை ஊன்றி
எதிரே ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டுவிட்டு
கேற்றால் வெளியே வந்து
அடி எண்ணி நடந்தேன்.
அடிக்கு ஒருதரம் அமத்தினேன்.
கதிரை மதிலுக்குள்ளே.
எனக்குத் தெரிந்தது தென்னோலை மட்டும்:
வெள்ளையாகும், அணையும்.

இருபதில் நாய் குரைத்தது.
முப்பத்தைந்தில் சங்கக்கடை மனேச்சர்
ஜன்னலைத் திறந்து "மின்னுதோ?" என்றார்.
ஓம் என்றேன்.
ஐம்பதில் ஒருக்கா பிந்தி அடித்தது,
யோசித்துப்போட்டு அடித்த மாதிரி.
அறுபத்தொன்றில் அடித்தது.
அறுபத்திரண்டில், ட்ரான்ஸ்போமருக்குக் கீழே,
இல்லை.
இன்னொருக்கா. இல்லை.
கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தும்
இல்லை.

அதிலேயே நிற்க, போன் அதிர்ந்தது.
மில்றோய். ஒரு படம்.
அடுக்குக் கட்டில், நாலு பேர், முகமெல்லாம் கறுப்பு,
பின்னால் ஜன்னல் நிறையப் பனி.
"அண்ணை, வெளிச்சம் காணாது."
தடியோடு நின்று மண்டபம் மண்டபமாய்
அவன் கத்துகிற அதே மூன்று சொல்.
பிறகு, "பிளாஷ் எவ்வளவு வந்தது?"

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிக்காதை என்று எழுதினேன்.
விலையையும் எழுதினேன்.
அதை அழித்துவிட்டு அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து படங்களைத் தட்டிப் பார்த்தேன்.
முப்பத்தேழு வரைக்கும் வெறுங்கதிரை.
முப்பத்தெட்டில் தவமலர் வாசலில், கையில் அகப்பை.
நாற்பத்திரண்டில் கமராவுக்குப் பின்னால்
என்னைத் தேடுகிற கண்.
நாற்பத்தைந்தில் இருந்துவிட்டாள்.
இருபத்திரண்டு வருஷத்தில்
எனக்கு முன்னால் இப்படி இருந்ததில்லை,
தோளை விட்டு, கொட்டாவி விட்டு,
காலில் நுளம்பை அடித்துக்கொண்டு.
அந்தப் பிந்தின ஐம்பதாவதில்
நேரே கமராவைப் பார்த்து ஏதோ சொல்கிறாள்.

"இதில என்ன சொன்னனீர்?"
"எதில?" என்றாள். "புட்டு ஆறுது."