இருபதின் மடங்கு

துறைமுகத்தில் எடை போடுகிறவன் நான்.
ஐஸ்லாந்தின் இந்த மேற்குக் குடாவில்
கரையேறும் ஒவ்வொரு காட் மீனும்
என் கையெழுத்து வழியாகத்தான் போகிறது.
தொட்டிக்கு இவ்வளவு, ஐஸுக்கு இவ்வளவு என்று
கழித்து எழுதுவேன்.
பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கிலோ கூட்டியதில்லை,
குறைத்ததில்லை.
மைத்துனன் படகு ஒதுக்கீட்டைத் தாண்டியபோதும்கூட.
அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் என்னோடு பேசவில்லை.

அப்படிப்பட்டவன்
செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்தில்
மகளின் ஷூவைக் கழற்ற மறந்தவன் போல நின்றேன்.

“ஷூ,” என்றாள் நர்ஸ் ஸ்வான்தீஸ், தலை நிமிராமல்.
“டயப்பரும்.”
அந்த ஷூ இரண்டும் சேர்ந்து இருநூற்றுப் பத்து கிராம்.
முந்தின ராத்திரியே நிறுத்துப் பார்த்திருந்தேன்.

பதினேழு மாதம். எட்டு கிலோ முந்நூறு.
திரையில் ஐந்து கோடுகள்
ஆட்டுப்பாதைகள் போல வளைந்து ஏறின.
கடைசிக் கோட்டுக்கும் கீழே
எங்கள் இல்ஃபா ஒரு புள்ளி.
“நூறு குழந்தைகளை வரிசையாக நிறுத்தினால்…”
எங்கள் ஊரில் அந்த வயசில் ஆறு பேர்தான்.
மீதித் தொண்ணூற்று நான்கு பேர் யார்,
எங்கே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறார்கள்?

“நடக்கிறாள், சிரிக்கிறாள், தூங்குகிறாள்.
இரண்டு மாதம் கழித்துக் கொண்டு வாருங்கள்.”
கழித்து என்ற சொல் மட்டும் காதில் தங்கியது.
நிறை என்றாலும் குறை என்றே கேட்கிற காது.

வீட்டில் சால்பியோர்க்
உருளைக்கிழங்குக்குள் வெண்ணெயை ஒளித்துவைக்கிறாள்.
கஞ்சியில் க்ரீம். அதன்மேல் இன்னும் க்ரீம்.
இல்ஃபா வாயை மூடிக்கொள்கிறாள்,
பனியில் அடைத்த மலைச்சாலை மாதிரி,
எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.
ஸ்பூன் விமானமாகிறது, படகாகிறது,
கடைசியில் கெஞ்சுகிற வெறும் ஸ்பூன்.
தரையில் விழுந்ததை விரலால் வழித்து
“இது இரண்டு ஸ்பூன் இருக்குமா?” என்கிறாள்.
ஒன்றரை, என்றேன்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில்
போர்க்ஹில்தூர் மடியில் அவள் மகன்.
தொடையில் நான்கு மடிப்பு; எண்ணிவிட்டேன்.
“இவளுக்குக் கொடுக்கிறீர்களா,
இல்லை நீங்களே தின்றுவிடுகிறீர்களா?”
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
சால்பியோர்க் மகளைக் கழுத்துவரை
தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, இல்ஃபா தூங்காத ராத்திரி,
அவளைக் கம்பளிக்குள் சுற்றித் துறைமுகத்துக்குத் தூக்கிப்போனேன்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.
லாரி எடைமேடை. அறுபது டன் தாங்கும்.
இருபதின் மடங்கில்தான் பேசும்.
நடுவில் அவளை நிற்கவைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

சிவப்பு எழுத்தில் பூஜ்யம்.
தொப்பியைப் பிடித்தபடி ஆடி ஆடி நடந்தாள்.
பூஜ்யம்.
தொப்பென்று உட்கார்ந்து
இரும்பைத் தட்டிப் பார்த்தாள்.
அப்போதும் பூஜ்யம்.

என்னவோ பயம். ஓடி ஏறி வாரி எடுத்தேன்.
நான் மட்டும் நின்றால் எண்பது காட்டும்,
எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.
இப்போது
நூறு.

எனக்குத் தெரியும்.
தொண்ணூறைக் கொஞ்சம் தாண்டினால் நூறில் போய் விழும்,
அவ்வளவுதான் விஷயம்.
கம்பளியும் அதில் சேர்த்தி.
எதை எதைக் கழிக்க வேண்டும் என்று என்னைவிட
யாருக்குத் தெரியும்?
கழிக்காமல் நின்றேன்.
அவள் என் காதைக் கடித்தாள்.
புதுப் பல். வலித்தது.

லாரிக்காரர்கள் அழுத்தும் பொத்தான் மேடையோரம் இருக்கிறது.
எட்டி அழுத்தினேன். சீட்டு வந்தது:
தேதி, நேரம், நூறு கிலோ.
சரக்கு என்ற இடம் காலி.
நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சால்பியோர்க்கிடம் இன்னும் காட்டவில்லை.
காட்டினால் முதலில் கேட்பாள்:
ஷூ போட்டிருந்தாளா?

போட்டிருந்தாள்.