பின் அச்சு

கப்பலூர் சிட்கோவுக்கு எதிரே
நாற்பது டன் எடை மேடை.
இரவு ஷிஃப்ட் என்னுடையது.
சிமெண்ட் ஏறும், கம்பி ஏறும், பழைய இரும்பு ஏறும்,
மூக்கைப் பொத்திக்கொண்டு சீட்டுப் போடவைக்கும்
எலும்புத்தூள் ஏறும்.
வீடு ஏறியதில்லை, அன்றுவரை.

பத்தரைக்கு வந்தது ஒரு பிக்கப்.
முதுகில் தகரப் பெட்டி,
பெட்டிக்கு ஜன்னல், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை,
கதவில் வைத்த குங்குமம்
இன்னும் காயவில்லை.
“துவாரகநாத், கைத்தறி நகர். இது சாரதாமணி.
இதுலயே பொங்கி இதுலயே படுத்து
சோம்நாத் வரைக்கும் போறோம்.
எடை பாக்கணும் தம்பி.”

ஆர்.சி. புத்தகத்தை விளக்கடியில் விரித்தேன்.
காலி வண்டி ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு.
ஏற்றலாம் ஆயிரத்து முந்நூறு.
ஆகப் பத்து குறைய மூவாயிரம்.

சிவப்பெழுத்து நடுங்கி நின்றது: 2960.
அவருக்குக் கணக்குப் பரீட்சையில் பாஸான முகம்.
“இருநூறு லிட்டர் தண்ணி, சிலிண்டர், பேட்டரி,
நாங்க ரெண்டு பேர், எல்லாம் சேத்துத்தானே!”
“கிரைண்டர் இன்னும் ஏத்தலை” என்றார் சாரதாமணி.
“பதினோரு கிலோ. அட்டையில போட்டிருக்கு.”

எனக்கு அந்த வண்டி நின்ற நிற்பு
பிடிக்கவில்லை.
பந்தியில் உட்காரப்போகிறவர்போல
பின்பக்கம் தணிந்திருந்தது.
“அண்ணே, கொஞ்சம் முன்னால எடுங்க.
முன் சக்கரம் ரோட்டுல இருக்கட்டும்.
பின் சக்கரம் மட்டும் தட்டுல.”

இருவரும் இறங்கி வந்து பார்த்தார்கள்.
2140.
புத்தகத்தில் பின் அச்சுக்கு
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.

“மொத்தம் சரின்னு இப்பத்தானே சொன்னே?”
“மொத்தம் சரிதான். உக்காந்த இடம்தான் தப்பு.
ஸ்டியரிங் லேசா இல்லையா?”
“பாலத்துல வெண்ணெய் மாதிரித் திரும்புச்சு.
நல்லதுக்குன்னுல்ல நெனச்சேன்.”

சாரதாமணி அவரைப் பார்த்தார்.
“இதே வண்டியிலதான ஒட்டன்சத்திரத்துத் தக்காளி
ரெண்டரை டன் ஏத்துனீங்க? பதினாறு வருசம்.
அப்ப எந்தத் தட்டுல நின்னீங்க?”

“அது வாடகை லோடு.”

சொல்லிவிட்டு டயரை உதைத்துப் பார்த்தார்,
காற்று இருக்கிறதா என்று.
காற்று இருந்தது.

தண்ணீர்த் தொட்டி கட்டிலுக்கு அடியில்,
பின் சக்கரத்துக்கும் பின்னால்.
குழாயைத் திறந்துவிட்டார்.
மதுரையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த குடமெல்லாம்
என் கண்ணில் வந்துபோக
என் மேடைமேல் ஓடி, ரோட்டைத் தாண்டி,
கருவேலத்துக்குப் போனது தண்ணீர்.

அந்த அம்மா என் ஜன்னலோரம் நின்று
இறங்கும் எண்ணையே பார்த்தார்.
2100. 2090. வெகுநேரம் 2090.
“ஒவ்வொரு கிலோவாக் கொறையாதா?”
“இல்லக்கா. பத்துக்குக் கீழ
இந்தத் தட்டுக்குக் கண்ணு தெரியாது.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
“அப்ப நாங்க
ஒம்பது ஒம்பதாத்தான் ஏத்தியிருக்கோம்” என்றார்.

1900இல் நின்றது.
போன தண்ணீர் இருநூறு,
குறைந்த எடை இருநூற்று நாற்பது.
வாலில் தொங்குவது
தன் எடையைவிடக் கூடத்தான் இழுக்கும்
என்று விளக்க வாயெடுத்தேன்.
அவர் ஏற்கனவே போனில்
வெல்டரை எழுப்பிக்கொண்டிருந்தார்:
“தொட்டிய முன்னால தள்ளணும்ப்பா.
கேபினுக்கு ஒட்டி. ஆமா, நாளைக்கே.”

சீட்டு அறுபது ரூபாய்.
தப்பிய எடைக்கும் ஒரு சீட்டுக் கேட்டு வாங்கி
ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார் சாரதாமணி.
வண்டி கிளம்பியபோது
முன் சக்கரம் தாரைக் கொஞ்சம் கவ்வியதுபோல் இருந்தது.

காலி மேடை 10 காட்டியது. ஈரம்.
சைபர் பட்டனை அழுத்தவேண்டும், விதி.
அழுத்தாமல் இறங்கிப்போய் நடுவில் நின்று
எட்டிப் பார்த்தேன்: 80.
இதில் நான் எவ்வளவு என்று யோசிப்பதற்குள்
கம்பி லாரிக்காரன்
ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.