குவைட்

நார்தம்பர்லாந்தில் ஒரு பழைய சுரங்க ஊர்.
செப்டம்பர் சனிக்கிழமை, கிளப்பின் பின்கூடம்.
கறுப்புத் துணி விரித்த மேசையில்
குளித்துத் தலைசீவிய லீக்குகள்,
வெங்காயத்துக்கு நெட்டையாய்ப் பிறந்த ஒன்றுவிட்ட தம்பிகள்.

ஆல்வின் டாட்ஸ் வளர்த்த ஜோடியை
நடுவர் ஹெப்பிள் நாடாவால் அளந்தார், முகர்ந்தார்,
அட்டையில் பென்சிலால் எழுதினார்:
குவைட் குட்.

மார்லிஸ் துள்ளினாள்.
நெப்ராஸ்காவில் பிறந்தவள். அவள் பக்கத்தில் அதற்கு 'ரொம்ப' என்று பொருள்.
நடுவரைக் கட்டிக்கொண்டாள்.
திங்களன்று அவர் வீட்டுக்கே ஆப்பிள் கேக்.
ஹெப்பிள் வாசலில் நின்று தொப்பியைத் திருகினாராம்.
பாவம், வாங்கவும் தெரியவில்லை, மறுக்கவும் தெரியவில்லை.

ஆல்வின் இரண்டு நாள் கொட்டகையைவிட்டு வரவில்லை.
"நன்றாயிருக்கிறது என்றுதானே எழுதினார்?"
"குவைட் என்று எழுதினார்."
"அதைத்தான் நானும் சொல்கிறேன்."
"அதைத்தான் நானும் சொல்கிறேன்."

உரச்சாக்கின் மேல் உட்கார்ந்து விளக்கினான்:
இங்கே அது 'நல்ல' என்ற சொல்லின் தோளில் கைபோட்டு
மெல்ல உட்காரவைத்துவிடும்.
நாம் 'பரவாயில்லை'யை
சொன்னவர் புருவம் பார்த்து எடைபோடுவோமே, அப்படி.
ஆனால் செத்தது, காலி, தப்பு,
இவற்றின் முன்னால் வந்தால் கதையே வேறு.
பாதிச் சாவு ஏது?
அங்கே அது அளக்காது,
ஆணியடித்து மூடும்.

மார்லிஸ் பழங்கணக்கை எடுத்தாள்.
இருபத்திரண்டு வருஷம் முன்பு, மார்பெத்தில் ஒரு நடன இரவு,
பச்சைக் கவுன்,
"குவைட் அழகாயிருக்கிறாய்."
அந்தச் சொல்லை நம்பித்தான் சமுத்திரம் தாண்டினாள்.
மாமியாருக்கு அவளைக் குவைட் பிடித்தது,
கல்யாணத்தில் மைத்துனர் குவைட் சந்தோஷப்பட்டது,
எல்லாம் வரிசையில் வந்து நின்று
இரண்டிரண்டு அங்குலம் குள்ளமாயின.

"அன்றைக்கு எந்த அர்த்தத்தில் சொன்னாய்?"

வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.
தகரத்தில் மழை.
"எனக்கு அப்போது வேறு சொல் தெரியாது."
கொஞ்ச நேரம் கழித்து,
"அந்த அட்டைக்காகக் கேக் சுட்டுக் கொண்டுபோனாயே,
நீ குவைட் பைத்தியம்."

அவள் யோசித்தாள். விரல் மடக்கினாள்.
பைத்தியம் எந்தப் பக்கம்? நல்லதின் பக்கமா, செத்ததின் பக்கமா?

அரைக்கிறுக்கு என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது.
அவளுக்கு அது தெரியாமல்போனது நல்லதாயிற்று.
முழுசு என்று முடிவுகட்டி
அவன் சேற்றுக் கையோடு சேர்த்துச் சிரித்தாள்.

அட்டையைப் புரட்டி அதன் முதுகில்
அடுத்த வருஷத்து உரக்கணக்கை எழுதத் தொடங்கினான் அவன்.