நாலு மணிவரை

பதினெட்டாம் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை
பாயான் லெப்பாஸ் தொழில் அடைகாப்பு மையத்தில்
எங்கள் கதவட்டைகள் மாலை ஐந்துக்குச் செத்துப்போயின.
கேக் வெட்டினார்கள், கைகுலுக்கினார்கள்,
கண்ணாடியில் ஒரு கேடயம் கொடுத்தார்கள்.
இரண்டு கிலோ இருக்கும்.
நிறுவனத்தின் பெயரில்
கூடுதலாக ஓர் எழுத்து.

இலவச மின்சாரம், இலவசக் காப்பி, இலவச அறிவுரை
எல்லாம் ஒரே நாளில் நின்றன.
அறிவுரையை மட்டும்
வேறு ஆட்கள் தொடர்ந்து கொடுத்தார்கள்.

ஜெலுத்தோங்கில், சலவைக்கடைக்கு மேல்மாடி.
மாதம் நானூற்றைம்பது வெள்ளி.
ஏன் இவ்வளவு மலிவு என்று முதல் மத்தியானமே தெரிந்தது.
கீழே பதினாறு உலர்த்திகள் சுழல
மேலே தரை தோசைக்கல்.
பூன் கியாட் சட்டையைக் கழற்றி எறிந்து
திட்டிக்கொண்டே வெப்பமானியைக் கீழே வைத்தான்.
நாற்பத்தொன்று.
புகைக்குழாய் ஏறும் மூலையில் ஐம்பத்தேழு.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு மெதுவாக:
"கோகி, வெப்பச் சோதனைக்கு அந்த ஆய்வுக்கூடம்
மணிக்கு எவ்வளவு கேட்டது?"

அன்றிரவே கருவிகளுக்கு அந்த மூலையில் படுக்கை.

குளிர்ப்பெட்டியின் மூச்சைக் கேட்டு
அது சாகுமுன்பே கூவிச் சொல்லும் கருவி எங்களுடையது.
குளிருக்கு எங்கே போக?
தெருமுனை ஐஸ் கச்சாங் கடையில் மேடம் சியூ
உறைபெட்டியில் ஒரு தட்டை ஒதுக்கினார்.
சிவப்புப் பயறுக்கும் மக்காச்சோளத்துக்கும் நடுவே
மூன்று இரவு உறங்கியது எங்கள் சுற்றுப்பலகை.
நாலாம் இரவு அது கூவியது.
அவருடைய பெட்டிதான்,
வாயு கசிந்துகொண்டிருந்தது.
காசு வாங்க மாட்டோம் என்றோம், அவர் கேட்கவில்லை.
கணக்கேட்டில் எழுதினேன்:
வாடிக்கையாளர், ஒன்று.

பத்து மாவுங் மீன் வியாபாரி சுல்கிஃப்லி
ரொக்கத்துக்குப் பதில்
மூன்று கூடை கானாங்கெளுத்தி இறக்கினார்.
முதலீட்டாளர் பாடத்தில்
மீனுக்கு என்ன செய்வதென்று சொல்லித்தரவில்லை.
இரண்டு கூடை சலவைக்கடைக்காரருக்கு,
வாடகையில் கழித்துக்கொண்டார்.
மூன்றாவதைப் பொரித்துத் தின்றோம்
ஒரு வாரம்
சாலிடர் புகை மணக்க.

எங்களோடு வெளியே வந்தவர்கள் ஏழு குழு.
நாலு பேரின் முகவரி இப்போது விற்பனைக்கு.
அவர்களிடம் எங்களைவிடப் பணம் இருந்தது,
கடலைப் பார்த்த ஜன்னல் இருந்தது,
மூட்டுவலி வராத நாற்காலிகள் இருந்தன.
நான் சிரிக்கவில்லை.
அந்த நாற்காலிகளில்தான்
பாதி விலைக்கு வாங்கி
உட்கார்ந்திருக்கிறோம்.
சில இரவுகளில் அதன் சக்கரம் கிறீச்சிடும்போது
யாரோ இன்னும் ஓடிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

நேற்று மையத்திலிருந்து தொலைபேசி.
பிழைத்தவர்களின் மாலை நடத்துகிறார்களாம்,
பத்து நிமிடம் பேச வேண்டுமாம்,
'வளங்களைத் திறம்படப் பயன்படுத்துவது எப்படி.'
"படம் எடுக்கணும், மிஸ். அந்தக் கேடயத்தையும் கொண்டு வாங்க.
மூணு மணிக்குக் கார் அனுப்புறோம்."

மேசையைப் பார்த்தேன்.
கேடயத்தின் அடியில் பதினோரு பலகைகள்
பசை காய்ந்துகொண்டிருக்கின்றன.
இவ்வளவு சமமான முகம், இவ்வளவு எடை,
கடையில் முந்நூறு வெள்ளிக்குக் குறைந்து கிடைக்காது.
ஓரத்தில் பசை சிந்தி
அந்தக் கூடுதல் எழுத்தை மூடிவிட்டது.
எங்கள் பெயர் இப்போது சரியாக இருக்கிறது.

"மூணு மணிக்கு முடியாதுங்க," என்றேன்,
"அது வேலையில இருக்கு.
நாலு மணிக்கு மேல வாங்க."