நாலாவது நிமிடத்தின் விளக்கு

டுலூத்தில் ஏரி உறைந்து கிடக்கும் மாதங்களில்
பௌலிங் கூடத்தின் நிலவறை மதுக்கடையில்
செவ்வாய்தோறும் ஒரு மைக் சும்மா நிற்கும்.
யாரும் ஏறலாம். ஐந்து நிமிடம்.
நாலு முடிந்ததும்
சிவப்பு விளக்கைப் போடுவது என் வேலை.
கூலி இரண்டு பீர், ஒரு தட்டு வறுத்த சீஸ்.

நானும் ஏறியவன்தான் ஒரு காலத்தில்.
என் விளக்கை நானே போட்டுக்கொண்டேன்.

அய்லா கங்காஸ் முதலில் வந்த இரவு
கையுறையைக் கழற்ற மறந்து மைக்கைப் பிடித்தாள்.
டயர் கடையில் கணக்கெழுதுகிறவள்.
ரசீதுகளின் முதுகில் எழுதிய நகைச்சுவை,
பாதியைக் கிரீஸ் தின்றிருந்தது.
கேட்க ஒன்பது பேர்.
ஆறு பேர் தம் முறைக்குக் காத்திருப்பவர்கள்.
காத்திருப்பவன் லேசில் சிரிக்கமாட்டான்;
கடன் கொடுப்பது போல அது,
திரும்பி வருமோ வராதோ.

"எங்கள் வீட்டில் சிரிக்கிற வழக்கமில்லை.
ரொம்ப வேடிக்கையாக இருந்தால்
அப்பா மூக்கால் ஒருதரம் மூச்சு விடுவார்.
ஒருநாள் இரண்டுதரம் விட்டார்.
அம்மா டாக்டருக்குப் போன் போட்டாள்."

டாக்டர் என்ற இடத்தில்
கூரைக்கு மேலே ஒரு பந்து உருண்டு
பத்துக் கட்டைகளும் சடசடவென்று சாய்ந்தன.
ஒருவர் காதிலும் விழவில்லை.
திரும்பச் சொன்னாள்.
திரும்பச் சொன்ன நகைச்சுவை
ஆறிய காப்பி.

ஊர் சிரிக்கும் என்று பிள்ளைகளை அதட்டுவார்கள்.
ஊர் சிரிக்கவில்லையே என்று
கோட்டு மாட்டும் இடத்தில் நின்று அழுதாள் இவள்.
பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
"மேலே மூன்றாம் தடத்தில் யார் தெரியுமா?
எங்கப்பா. அவர் வண்டியில்தான் வீட்டுக்குப் போகணும்.
கீழே பீர் குடிக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்."

அடுத்த செவ்வாயும் வந்தாள். அதற்கடுத்ததும்.
பதினாலு வாரம், ஒரே நகைச்சுவை.
"ரொம்ப" போனது. "ஒருநாள்" "போன வருஷம்" ஆகி
மறுபடி "ஒருநாள்" ஆனது.
மேலே பந்து உருளத் தொடங்கினால்
வாயை மூடிக் கூரையைப் பார்ப்பாள்.
அறையும் அவளோடு அண்ணாந்து பார்க்கும்.
கட்டைகள் விழும்.
அது அடங்கி ஒரு மூச்சு கழித்து,
"அம்மா டாக்டருக்குப் போன் போட்டாள்."

அன்று சிரித்தவர்களில் ஒருவன்
அடுத்து ஏறவேண்டியவன்.
நான் விளக்கைப் போடவில்லை.
ஆறு நிமிடம் நின்றாள், ஏழு.
கடைக்காரர் என் பீரில் ஒன்றைக் குறைத்தார்.

சிகாகோவில் வேலை கிடைத்தது.
இரவு நிகழ்ச்சி, எட்டு எழுத்தாளர்கள்,
ஜன்னல் இல்லாத அறை.
நாளுக்கு நாற்பது எழுதினால்
நாலு தப்பும் என்று அஞ்சலட்டை போட்டாள்.
"இங்கே மேலே யாரும் பந்து உருட்டுவதில்லை.
எப்போது நிறுத்துவது என்றே தெரியவில்லை."
அஞ்சலட்டையின் படத்தில் ஒரு மீன். காரணம் தெரியாது.

மார்ச்சில் ஓர் இரவு
மதுக்கடைத் தொலைக்காட்சியில் அது வந்தது.
நல்ல கோட்டு, நல்ல பல் உள்ள ஒருவர் சொன்னார்.
அப்பா மாமா ஆகியிருந்தார்.
அம்மா அத்தை ஆகியிருந்தாள்.
இரண்டுதரம் என்பதற்கும் டாக்டருக்கும் நடுவே
ஒரு தாள் நுழைய இடமில்லை.
ஆனாலும் அரங்கம் அதிர்ந்தது.
அங்கே அதிர்வதற்கென்றே ஆட்கள் இருக்கலாம்.

பக்கத்து முக்காலியில் ஐனோ கங்காஸ்,
வாடகைச் செருப்பைக்கூடக் கழற்றாமல்.
திரையைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார்.
"அவசரப்படுறான்" என்றார்.

எதற்கு முன்னால் அவசரம், எத்தனை செவ்வாய்
தரை வழியாகக் கேட்டிருக்கிறார்,
பந்தைக் கையில் வைத்தபடி நின்றிருக்கிறாரா,
ஒன்றும் கேட்கவில்லை நான்.
மூக்கால் மூச்சு விட்டாரா என்றும் தெரியாது.
அந்நேரம் மேலே யாரோ
ஒன்பது கட்டையை வீழ்த்திவிட்டு
பத்தாவதைத் திட்டிக்கொண்டிருந்தான்.

மைக்கில் புதுப் பையன் ஒருவன்,
பற்பசை விளம்பரத்தைக் கிண்டலடிக்கிறான்.
மோசம்.
மூன்று நிமிடம் நாற்பது விநாடி.
விரலை ஸ்விட்சில் வைத்திருக்கிறேன்,
அழுத்தாமல்.