ரெண்டு பன்னிரண்டு

இருபதாம் தேதி, ராத்திரி ஒன்பதே முக்கால்.
ஜிஎஸ்டி கணக்கு பாதி ஏறும்போது
நெட் நின்றது.

மோடத்தில் எல்லா விளக்கும் பச்சை.
போனில் வருகிறது, டிவியில் வருகிறது,
என் கம்ப்யூட்டரில் மட்டும் மஞ்சள் முக்கோணம்.
அணைத்துப் போட்டேன். வந்தது.
பதினோரு நிமிஷம் இருந்துவிட்டுப் போனது.

"எங்க பக்கம் சரியா இருக்குதுங்க்கா"
என்கிறார் கேபிள்காரர்.
சோமனூரில் யார் பக்கம் சரியில்லாமல் இருந்திருக்கிறது?

அடுத்த செட்டில் தறி ஓட
மேசை சன்னமாக அதிர்கிறது.
கறுப்புத் திரையில் என் முகவரியைப் பார்த்தேன்:
கடைசி எண் பன்னிரண்டு.
கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு
போனிலிருந்து பன்னிரண்டுக்கு ஒரு பிங் விட்டேன்.
இருக்கேன் என்றது யாரோ.

அலமாரி மேலே
பாலித்தீன் உறைக்குள் பழைய பிரிண்டர்.
ஞாயிற்றுக்கிழமை ஹால்டிக்கெட் எடுக்க
மகன் சொருகியவன் பிடுங்கவில்லை.
மூணு வருஷத்துக்கு முன்னால்
இவர் கைப்பட எழுதிவைத்த எண்:
மாறாம இருக்கட்டும் என்று.

இவர் பேர் சென்னியப்பன்.
எதிர்வீட்டில் பெரியப்பா மகனும் சென்னியப்பன்.
தாத்தா பேரை ரெண்டு வீடும் விட்டுக்கொடுக்கவில்லை.
கூரியர்ப் பையன் இவர் செக் புத்தகத்தை
அங்கே கொடுத்துவிட்டுப் போனதில்
ஏழு மாசமாகப் பேச்சில்லை.
அவர்கள் நாய்கூட
எங்கள் வாசலுக்கு வருவதில்லை.

பிரிண்டருக்கு இருநூறு என்று போட்டேன்.
யாரைக் கேட்டு மாற்றினாய் என்று
அது கேட்கவில்லை.

பத்து ஐம்பதுக்குக் கணக்கு ஏறியது.