பொருந்தாத கையெழுத்து

நூறு நாற்காலி போட்ட செனட்டில்
இந்தப் பக்கம் ஐம்பது, அந்தப் பக்கம் நாற்பத்தொன்பது.
மிச்சம் ஒன்று
நெவாடாவின் தபால் உறைகளுக்குள் எங்கோ கிடக்கிறதாம்.
தொலைக்காட்சியில் ஆறு பேர்
வரைபடத்தைத் தொட்டுத் தொட்டுப் பேசுகிறார்கள்.

எல்கோவில் பனி.
தேர்தல் அலுவலகத்தில் மைத்தே
ஒவ்வொருவராய் அழைத்துக்கொண்டிருக்கிறாள்:
"உங்கள் கையெழுத்து பொருந்தவில்லை."

"பொருந்தாதுதான்," என்றார் இரிகோயன்.
"செப்டம்பரில் கடா முட்டி வலது கை போச்சு.
இது இடது கை போட்டது.
அதுக்கு இன்னும் என் பேர் பழகலை."

மறுநாள் எழுபது மைல் ஓட்டி வந்தார்,
சட்டையெல்லாம் ஈரக் கம்பளி வாடை.
நாக்கைக் கடித்துக்கொண்டு
எழுத்தெழுத்தாய்ப் போட்டார்.
கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே சரிந்தது.
போகட்டும் என்று விட்டாள்.

யாருக்கு என்று அவர் சொல்லவில்லை.
அவள் கேட்கவும் கூடாது.
உறை கற்றைக்குள் போனதும்
எது அவருடையது என்று
அவளுக்கே தெரியவில்லை.

கதவருகே நின்று தொப்பியைத் தட்டினார்.
"ஜெயிக்கிறவருக்கு எத்தனை வருஷம்?"
"ஆறு."
"ஆறா!
அந்தக் கடாவுக்கு
நான் ஈஸ்டர் வரைக்கும்தான் கொடுத்திருக்கேன்."